தடித்த தோலை வெட்ட எந்தக் கத்தி? அதை எப்படித் தீட்டுவது?

உறுமிக்குப் புதுத் தோள்வார் வேண்டும். செருப்பின் அடித்தோலை மாற்ற வேண்டும். அல்லது இடுப்பு பெல்ட் ஒன்றை நீங்களே செய்து பார்க்க ஆசை. தோலும் வாங்கி வந்துவிட்டீர்கள். ஆனால் வீட்டுக் கத்தரிக்கோல் அதை நசுக்கத்தான் செய்கிறது, வெட்டவில்லை. மேசையில் கிடந்த பென்நைஃப் பாதி வழியில் சிக்கி நிற்கிறது. இனி எந்தக் கத்தி வாங்குவது என்று யோசிக்கிறீர்கள்.

நல்ல கத்தி வாங்குவது பாதி வேலைதான். தடித்த தோலை வெட்டுவது கத்தியின் விலையோ உங்கள் கை பலமோ இல்லை, அதன் வாய் (வெட்டும் விளிம்பு). அதை நீங்களே தீட்டக் கற்றுக்கொண்டால் சாதாரணக் கத்தியே போதும். தீட்டத் தெரியாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கத்தியும் சில வாரங்களில் மழுங்கிப்போகும்.

தடித்த தோல் என்றால் எவ்வளவு தடிமன்?

கைப்பைக்கும் பணப்பைக்கும் 1 முதல் 2 மில்லிமீட்டர் தோல் போதும். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் தடித்த தோல். பெல்ட்டுக்கும் மேள வாருக்கும் 3 முதல் 4 மில்லிமீட்டர் எடுப்பார்கள். அடித்தோல் இன்னும் தடிமனாக இருக்கும்.

சில கடைகளில் தடிமனை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்பது சுமார் 0.4 மில்லிமீட்டர். 8 அவுன்ஸ் தோல் என்றால் 3.2 மில்லிமீட்டர், 10 அவுன்ஸ் என்றால் 4 மில்லிமீட்டர். சந்தேகம் இருந்தால் அளவுகோலைக் கையோடு கொண்டுபோய்த் தோலின் ஓரத்தை அளந்து பாருங்கள்.

எல்லாத் தோலும் ஒரே மாதிரி வெட்டுப்படுமா?

படாது. தோல் மூன்று வகை. உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்த பிறகே கத்தியைத் தேடுங்கள்.

முதலாவது, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் இந்த வகைதான். விறைப்பாக இருக்கும், வளைத்தால் வளைந்த இடத்தில் நிறம் மாறும். கத்திக்கு நன்றாக ஒத்துழைக்கும். பெல்ட்டும் வாரும் செய்ய ஏற்றது.

இரண்டாவது, குரோம் உப்பில் பதனிட்ட தோல். மெத்தென்று இருக்கும். குறுக்கே வெட்டினால் உள்ளே பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். கத்தி பட்டதும் இழுபட்டு நீளும். அதனால் இதற்கு இன்னும் கூரான வாய் வேண்டும். தோலை அசையாமல் அழுத்திப் பிடிக்கவும் வேண்டும்.

மூன்றாவது, பதனிடாமல் காயவைத்த பச்சைத் தோல். மேளத்தின் முகத்துக்குப் போடுவது இதுதான். காய்ந்த நிலையில் கொம்பு போல இறுகியிருக்கும், எந்தக் கத்தியையும் மழுக்கிவிடும். தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, மடக்கினால் மடங்கும் பதத்துக்கு வந்த பிறகு வெட்டுங்கள்.

எந்தக் கத்தியில் தொடங்கலாம்?

முதலில் 18 மில்லிமீட்டர் அகல பென்நைஃப் வாங்குங்கள். எந்த ஹார்டுவேர் கடையிலும் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். மழுங்கிய நுனியை ஒடித்துவிட்டுப் புது நுனியைப் பயன்படுத்தும் இந்த முறையை 1956இல் ஜப்பானின் ஒசாகாவில் கண்டுபிடித்தார்கள். ஓல்ஃபா நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். தீட்டப் பழகும்வரை இந்தக் கத்தி உங்களைக் காப்பாற்றும்.

ஏன் 18 மில்லிமீட்டர்? காகிதம் வெட்டும் 9 மில்லிமீட்டர் கத்தியின் பிளேடு 0.4 மில்லிமீட்டர் தடிமனுக்கும் குறைவு. தடித்த தோலுக்குள் அது வளையும், வெட்டுக் கோடும் சாயும். 18 மில்லிமீட்டர் பிளேடின் தடிமன் 0.5 மில்லிமீட்டர். இதிலும் ஒன்றிரண்டு கட்டங்களுக்கு மேல் வெளியே நீட்ட வேண்டாம். நீட்ட நீட்ட வளையும், ஒடியும்.

நுனியை எப்போது ஒடிப்பது? வெட்டு வழவழப்பாக வராமல் நூல்நூலாகப் பிரிந்தால் உடனே ஒடியுங்கள். வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் ஒரு நுனியின் விலை சில சென். கெட்டுப்போகும் தோலின் விலை அதைவிடப் பல மடங்கு. ஒடித்த துண்டுகளை மூடியுள்ள டின்னில் போட்டு வையுங்கள். குப்பைப் பையில் போட்டால் குப்பை எடுப்பவரின் கையைக் கிழிக்கும்.

அடுத்து என்ன வாங்கலாம்?

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நேரான வார்களே அதிகம் என்றால், வார் அறுக்கும் கருவி வாங்குங்கள். மரக் கைப்பிடியில் ஒரு சிறு பிளேடு பொருத்தியிருக்கும். அகலத்தை அதிலேயே குறித்துத் திருகை இறுக்கலாம். தோலின் ஒரு ஓரத்தை மட்டும் அளவுகோல் வைத்து நேராக வெட்டிக்கொண்டால், பிறகு வருகிற ஒவ்வொரு வாரும் ஒரே அகலத்தில் வரும். பிளேடு மழுங்கினால் மாற்றிக்கொள்ளலாம்.

வளைவும் மூலையும் அதிகம் என்றால் பிறைக் கத்தி உதவும். அரைவட்டமாக இருக்கும் அதன் வாயை முன்னும் பின்னும் உருட்டி அழுத்தினால் தோல் பிளந்து போகும். ஆனால் பழக நாளாகும். தீட்டத் தெரியாதவருக்கு வேண்டாம்.

தைக்கிற ஓரத்தை மெலிதாகச் சீவுவதும் வெட்டுவதும் ஒரே கத்தியில் நடக்க வேண்டும் என்றால், ஜப்பானியத் தோல் கத்தி நல்லது. உளியைப் போல ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சரிவாகவும் இருக்கும். பெரும்பாலும் வலக்கைக்காரருக்கு ஏற்றபடிதான் செய்கிறார்கள். இடக்கைக்காரர் அதைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

கத்தரிக்கோல் வேண்டுமா? தடித்த தோலுக்கு வேண்டாம். இரண்டு அலகும் தோலை நசுக்குவதால் ஓரம் நெளியும்.

வெட்டுவதற்கு முன் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

அடியில் பலகை. கண்ணாடி, டைல்ஸ், மார்பிள் மேல் வெட்டவே கூடாது. கத்தி தோலைத் தாண்டிக் கீழே படும் கணத்திலேயே வாய் மடங்கிவிடும். பிளாஸ்டிக் சமையல் வெட்டுப்பலகை போதும், கத்தியைக் கெடுக்காது. ஆனால் தோலுக்கென்று தனியாக ஒன்று வையுங்கள், மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

அளவுகோல் இரும்பாக இருக்கட்டும். பிளாஸ்டிக் அளவுகோலைக் கத்தி சீவிவிடும். அது வழுக்காமலிருக்க அடிப்பக்கத்தில் சொரசொரப்பான உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள்.

பட்டையில் பதனிட்ட தோல் மிகவும் விறைப்பாக இருந்தால், ஈரப் பஞ்சால் ஒருமுறை துடைத்துச் சிறிது நேரம் விடுங்கள். நனைக்க வேண்டாம், ஈரம் தட்டினால் போதும். கத்தி சுலபமாக இறங்கும். ஆனால் ஈரத் தோல்மேல் கத்தியையோ இரும்பு அளவுகோலையோ வைத்துவிட்டுப் போகாதீர்கள். பட்டைச் சாறும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்புக் கறை விழும். தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாறு அந்தக் கறையை மங்கவைக்கும். முதலில் ஒரு துண்டுத் தோலில் தடவிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒரே இழுப்பில் வெட்டிவிடலாமா?

பென்நைஃபில் அது வேண்டாம். முதல் இழுப்பு கோடு போடுவதற்கு, இரண்டாவது ஆழமாக்குவதற்கு, மூன்றாவது அறுத்து முடிப்பதற்கு. மூன்று முறையும் லேசான அழுத்தம் போதும். அழுத்தி வெட்டத் தோன்றினால் கத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது அழுத்தத்தைக் கூட்டாமல் கத்தியைக் கவனியுங்கள். விரல் அறுபடுவது பெரும்பாலும் மழுங்கிய கத்தியை அழுத்தும்போதுதான். சிக்கி நின்ற கத்தி திடீரென்று விடுபட்டுப் பாயும்.

வழவழப்பான மேல்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். கத்தியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்தால் மேலே ஒரு அகலமும் கீழே ஒரு அகலமுமாக வரும், இரண்டு வார்களைச் சேர்த்துத் தைக்கும்போது ஓரம் பொருந்தாது.

வளைவு வந்தால் கத்தியைத் திருப்பாமல் தோலைத் திருப்புங்கள். உட்புற மூலை வந்தால் முதலில் அங்கே ஒரு சிறு வட்டத் துளை போட்டு, அந்தத் துளை வரைக்கும் வெட்டி நிறுத்துங்கள். மூலையைத் தாண்டிப் போன வெட்டு பிறகு அங்கிருந்துதான் கிழியும்.

இந்த ஓரத்துக்கு இவ்வளவு கவனம் எதற்கு? தைப்பூச நாளில் பத்துமலையில் உறுமி வாசிப்பவரை நினைத்துப் பாருங்கள். மேளத்தின் எடை முழுவதும் மணிக்கணக்கில் அந்த ஒரு வாரில் தொங்குகிறது. ஓரம் பிசிறியிருந்தால் வியர்வையோடு உராய்ந்து தோள்பட்டையைப் புண்ணாக்கும். ஓரத்தில் கத்தி தவறிப் பதிந்த ஒரு சிறு வெட்டு இருந்தால், இழுவிசை அங்கேயே கூடி வார் அந்த இடத்தில் அறுந்துவிடும். அதனால் தைப்பதற்கு முன் வாரின் இரண்டு ஓரங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். நிரடுகிற இடத்தைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

நீளமான வார் வேண்டும், தோலோ சிறியது என்றால்? தோலை வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டே போங்கள். மேளங்களை இழுத்துக் கட்டும் மெல்லிய தோல் கயிறு இப்படி எடுக்கலாம். ஈரமாக்கி இழுத்துக் காயவைத்தால் நேராகிவிடும். ஆனால் தோள்வாருக்கு இந்த வழி வேண்டாம். அதற்கு முதுகுப் பக்கத் தோலை நீளவாக்கில் எடுப்பதே உறுதி. வயிற்றுப் பக்கத் தோல் இழுபட்டு நீளும்.

கத்தி மழுங்கிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

விளக்குக்குக் கீழே வாயை உங்கள் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். கூரான வாயில் எதுவும் தெரியாது. மழுங்கிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னும். அங்கே வாய் உருண்டு தட்டையாகி வெளிச்சத்தைத் திருப்புகிறது.

இன்னொரு வழி, துண்டுத் தோலின் மூலையை வெட்டிப் பார்ப்பது. வெட்டிய முகம் பளபளப்பாக இருந்தால் கத்தி சரி. துணி போல நார்நாராக இருந்தால் தீட்ட வேண்டும். கட்டைவிரலை வாயின் நீளத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

தீட்டத் தெரியவில்லையே, கடையில் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம். ஆனால் மின்சாரச் சாணைச் சக்கரத்தில் வைத்துத் தீட்டினால் கவனமாக இருக்க வேண்டும். சூடு ஏறி வாய் நீல நிறமாக மாறினால், எஃகு சுமார் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் எஃகின் கடினம் இறங்கிவிடும், பிறகு கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தீட்டச் சொல்லுங்கள். கத்தியை உள்ளே வைத்து இழுக்கும் சமையலறைத் தீட்டுக் கருவி தோல் கத்திக்கு ஏற்றதில்லை. அது வாயைச் சுரண்டும், சரிவையும் மாற்றிவிடும்.

நீங்களே தீட்டுவது நினைப்பதைவிடச் சுலபம். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களில் தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். பட்டையை மெல்லிதாகச் சீவ வேண்டும், ஆனால் உள்ளே மரத்தின் உயிர்ப்படலத்தில் காயம் படக்கூடாது. அவர்களுடைய கத்தி தினமும் கல்லைப் பார்த்தது. தோலுக்கும் அதே ஒழுங்கு போதும்.

எந்தக் கல் வாங்குவது?

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரட்டை முகக் கல்லின் இரண்டு பக்கமும் தோல் கத்திக்குப் பெரும்பாலும் சொரசொரப்புதான். வாயில் பல் விழுந்திருந்தால் அதைச் சரி செய்ய மட்டும் அது உதவும். தீட்டுவதற்கு 1000 நம்பர் தண்ணீர்க் கல் (எண்ணெய் இல்லாமல் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் கல்) வேண்டும். நம்பர் கூடக் கூட மணல் பொடி நுண்மையாகும். முடிந்தால் பிறகு 3000 முதல் 6000 நம்பருக்குள் இன்னொரு கல் வாங்குங்கள்.

கல் வாங்கப் பணம் இல்லையா? தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை, வாட்டர் பேப்பர் என்று கேட்டு, 400, 1000, 2000 நம்பர்களில் வாங்குங்கள். சமமான கண்ணாடித் துண்டின் மேல் ஈரமாக ஒட்டவைத்தால் அதுவே கல். ஆனால் தாளின் மேல் கத்தியைப் பின்னோக்கி மட்டும் இழுங்கள். முன்னே தள்ளினால் தாள் கிழியும்.

தீட்டும்போது எவ்வளவு சாய்க்க வேண்டும்?

இரண்டு பக்கமும் சரிவுள்ள கத்திக்கு ஒரு பக்கம் சுமார் 15 டிகிரி. கோணமானி தேவையில்லை. கத்தியின் அகலத்தில் கால் பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறத்தாழ அந்த அளவு வரும். 20 மில்லிமீட்டர் அகலக் கத்தி என்றால் 5 மில்லிமீட்டர் தூக்குங்கள். ஒரு பக்கச் சரிவுள்ள ஜப்பானியக் கத்தி இன்னும் சுலபம். சரிவு முழுவதும் கல்லில் படியும்படி வைத்தால் போதும்.

சரியாகத்தான் சாய்த்திருக்கிறோமா என்ற சந்தேகம் வரும். கறுப்பு மார்க்கர் பேனாவால் சரிவு முழுவதும் பூசுங்கள். கல்லில் இரண்டு மூன்று முறை தேய்த்துவிட்டுப் பாருங்கள். விளிம்பு வரை மை போயிருந்தால் சரி. முதுகுப் பக்கம் மட்டும் போய் விளிம்பில் மை மிச்சமிருந்தால் குறைவாகத் தூக்குகிறீர்கள். விளிம்பில் மட்டும் போயிருந்தால் அதிகமாகத் தூக்குகிறீர்கள். சில தடவை இப்படிப் பார்த்தால் கைக்கே கோணம் பிடிபட்டுவிடும்.

எத்தனை முறை தேய்ப்பது?

எண்ண வேண்டாம். பிசிறு (தேய்ந்த உலோகம் மறுபக்கம் மெல்லிய இழையாக மடிந்து நிற்பது) வரும்வரை தேயுங்கள். அதுதான் அடையாளம். கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக வெளியே வருடினால் மறுபக்கத்தில் சொரசொரவென்று தட்டுப்படும். வாயின் நுனி முதல் அடி வரை எல்லா இடத்திலும் தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முடிந்தது.

இப்போது கத்தியைத் திருப்பி மறுபக்கத்தையும் அதேபோலத் தேயுங்கள். பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கம் மாற்றி மாற்றி ஒவ்வொரு முறை. ஒரு பக்கச் சரிவுள்ள கத்தியாக இருந்தால் தட்டைப் பக்கத்தை முழுவதுமாகக் கல்லில் படுக்கவைத்துச் சில முறை இழுத்தால் போதும். அதைக் கொஞ்சமும் தூக்கக் கூடாது. தூக்கினால் அந்தப் பக்கமும் சரிவாகி, கத்தியின் குணமே மாறிவிடும்.

கல் நடுவில் குழிந்துவிட்டதா? அதன் முகத்தில் பென்சிலால் கட்டம் போடுங்கள். கண்ணாடிமேல் வைத்த உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கட்டம் முழுவதும் அழிந்தால் கல் சமமாகிவிட்டது. குழிந்த கல்லில் நேரான வாய் வராது.

கல்லோடு வேலை முடிந்ததா?

முடியவில்லை. தடித்த தோலுக்குக் கடைசிக் கட்டம்தான் பெரிய வித்தியாசத்தைத் தரும். அது தீட்டுத் தோலில் (மெருகேற்றுவதற்காகப் பலகையில் ஒட்டிய தோல்) கத்தியை இழுப்பது. வெட்டி மிஞ்சிய தோலில் ஒரு நீளத் துண்டை எடுத்துப் பலகையில் ஒட்டுங்கள். பச்சை நிற மெருகுக் கட்டியை அதன் மேல் தேயுங்கள். அதில் இருப்பது குரோமியம் ஆக்சைடு என்ற மிக நுண்ணிய பொடி.

முதுகு முன்னே போக, வாய் பின்னே வர, கத்தியை உங்கள் பக்கமாக இழுங்கள். ஒரு பக்கத்துக்கு 15, 20 முறை. இழுப்பு முடிகிற இடத்தில் முதுகைத் தூக்கிவிடாதீர்கள். அங்கேதான் பலருடைய வாய் உருண்டுபோகிறது. புதிதாக வாங்கிய பென்நைஃப் பிளேடைக்கூடச் சிலமுறை இப்படி இழுத்தால் வெட்டு வழவழப்பாகும்.

எப்போதெல்லாம் செய்வது? வேலைக்கு நடுவிலேயே, இழுப்பு கனமாகத் தொடங்கியதும் செய்யுங்கள். அப்படிச் செய்தால் கல்லை எடுக்க வேண்டிய தேவை அபூர்வமாகத்தான் வரும். மழுங்கிய பிறகு தீட்டலாம் என்று விட்டால், ஒவ்வொரு தடவையும் கல்லில் நிறைய எஃகு தேய்ந்துபோகும்.

நம் ஊர் ஈரத்தில் கத்தி துருப்பிடிக்காதா?

பிடிக்கும். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். நன்றாகக் கூர் நிற்கும் கார்பன் எஃகுக் கத்தி ஒரே இரவில் புள்ளிவிட்டுத் துருப்பிடிக்கலாம். துருப்பிடித்த வாய் மழுங்கிய வாய்தான்.

வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும், அதைத் தவிருங்கள். கத்தியைத் தோல் உறையில் வைத்து மாதக்கணக்கில் விடாதீர்கள். பதனிட்ட தோலில் மிச்சமிருக்கும் சாறும் உப்பும் ஈரத்தைப் பிடித்துக் கத்தியை அரிக்கும். பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு வையுங்கள். தோலுக்கு மட்டும் காற்று வேண்டும். பெட்டியில் அடைத்தால் பூஞ்சை பூக்கும்.

கத்தியை வெளியே எடுத்துப்போகலாமா?

பிரிக்பீல்ட்ஸில் இருந்து கிள்ளானுக்குக் கோமூட்டர் ரயிலில் மேளம் சரி செய்யப் போகிறீர்கள், பையில் கத்தி இருக்கிறது என்று வையுங்கள். மலேசியாவில் 1958ஆம் ஆண்டு முதல் ஆபத்தான ஆயுதங்கள் பற்றிய தனிச் சட்டம் உண்டு. நியாயமான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். அதனால் கத்தியை இடுப்பிலோ சட்டைப்பையிலோ செருக வேண்டாம். வாயை மூடி, குத்தூசி, அளவுகோல், தோல் துண்டோடு ஒரே கருவிப் பெட்டியில் வையுங்கள். எதற்காக எடுத்துப்போகிறீர்கள் என்பது பெட்டியைத் திறந்தாலே தெரிய வேண்டும்.

கை அறுபட்டால்?

சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். பத்து நிமிடத்தில் இரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ, மடக்க முடியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தம் பீறிட்டால் 999ஐ அழையுங்கள். துருப்பிடித்த கத்தி என்றால் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கத்தி கை தவறி விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள், விலகி நில்லுங்கள். தோலைப் பிடித்திருக்கும் கை எப்போதும் கத்தி போகும் திசைக்குப் பின்னால் இருக்கட்டும்.

எந்த வரிசையில் பணம் செலவழிப்பது?

முதலில் 18 மில்லிமீட்டர் பென்நைஃப், இரும்பு அளவுகோல், பிளாஸ்டிக் பலகை. அடுத்து 1000 நம்பர் கல்லும் பச்சை மெருகுக் கட்டியும். தீட்டுத் தோலுக்குச் செலவே இல்லை. வீட்டில் கிடக்கும் பழைய கத்தி ஒன்றை எடுத்து இவற்றில் தீட்டிப் பழகுங்கள். கெட்டாலும் நஷ்டமில்லை. அந்தப் பழைய கத்தி 3 மில்லிமீட்டர் தோலின் மூலையைப் பிசிறில்லாமல் வெட்டும் நாளில், பிறைக் கத்தியோ ஜப்பானியக் கத்தியோ வாங்க நீங்கள் தயார். அதன் பிறகு வாங்கும் கத்தி பல ஆண்டுகள் உழைக்கும், ஏனென்றால் அதைக் கூராக வைத்திருக்க உங்களுக்குத் தெரியும்.